ஆம்புலன்ஸ் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்? ஆப் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: பொறியியல் கடைசி ஆண்டு மாணவர்கள் சிலர், 108 ஆம்புலன்ஸில் இருக்கும் இ.எம்.டி.க்கு (அவசர மருத்துவப் பணியாளருக்கு) உதவ ஒரு ஆப் எழுத நினைக்கிறார்கள். நோயாளியின் அறிகுறிகளைத் தட்டினால் போதும்; அருகிலுள்ள மருத்துவமனைகள், காலிப் படுக்கைகள், டிராஃபிக் மூன்றையும் பார்த்து "இங்கே போங்கள்" என்று ஏ.ஐ. சொல்லிவிடும். இது போதுமா, வேறென்ன சேர்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

போதாது. மூன்றும் தேவைதான், ஆனால் இந்த வேலையின் சுலபமான பகுதி அவை. மேப்பும் டிராஃபிக்கும் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். கஷ்டமான பகுதி வேறு. குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையால், இன்று இரவு, இந்த நோயாளிக்கு என்ன செய்ய முடியும்? அந்தத் தகவலை யார் தருவார்கள்? அது பழசாகிப் போகாமல் யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் ஆப் பிழைக்கும். இல்லையென்றால், எவ்வளவு அழகாக எழுதினாலும் சில மாதங்களில் இ.எம்.டி.க்கள் அதைத் திறப்பதையே விட்டுவிடுவார்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவன். வண்டி வந்து நின்று கதவு திறக்கும் பக்கத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு பத்து மணி. 58 வயதுக்காரர் ஒருவருக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது, பேச்சு குழறுகிறது. பக்கவாதம் என்று இ.எம்.டி.க்குப் பார்த்ததும் தெரியும். பத்து நிமிடத்தில் தாலுகா மருத்துவமனை, நாற்பது நிமிடத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உங்கள் ஆப் "அருகில் இருக்கிறது, படுக்கை காலி" என்று தாலுகா மருத்துவமனையைக் காட்டும். அங்கே சி.டி. ஸ்கேன் இல்லை, அல்லது மெஷின் இருக்கிறது, இரவில் எடுக்க ஆள் இல்லை. டூட்டி டாக்டர் பிரெஷர் பார்ப்பார், ட்ரிப் போடுவார், பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் எழுதுவார். முதலில் வந்த 108 அதற்குள் அடுத்த கேஸுக்குப் போயிருக்கும். இன்னொரு வண்டி வர வேண்டும், சீட்டு எழுத வேண்டும், வீட்டிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு ஆள் வர வேண்டும். நாற்பது நிமிடத்தில் போயிருக்க வேண்டியவர் இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ச் சேருவார். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவத்தில் நன்கு அறிந்த கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

உங்கள் ஆப் தவிர்க்க வேண்டியது அந்த இரண்டாவது ஆம்புலன்ஸை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பல வடிவமைப்புக் குழப்பங்கள் தாமாகவே தீரும். சரியான மருத்துவமனை என்றால் இந்த நோயாளிக்கு அடுத்து தேவைப்படும் சிகிச்சை நடக்கக்கூடிய இடம், அதுவும் அந்தச் சிகிச்சைக்கான கெடுவுக்குள் போய்ச் சேரக்கூடிய இடம். பெரிய மருத்துவமனையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பாம்புக்கடியைப் பாருங்கள். வயல் வரப்பில் கண்ணாடிவிரியன் கடித்தவரைக் குடும்பத்தார் மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். ஆனால் அவருக்கு உடனடியாகத் தேவை விஷமுறிவு மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான் நம் நாட்டில் பயன்படுகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மருந்தும், அதைப் போடத் தெரிந்த டாக்டரும் இருந்தால், முதல் எட்டுப் பத்துக் குப்பிகளை அங்கேயே ஆரம்பித்துவிடலாம். கட்டுவிரியன் கடி என்றால் கதை வேறு. இமை சரியத் தொடங்கிவிட்டது, விழுங்க முடியவில்லை என்றால் கொஞ்ச நேரத்தில் மூச்சுத் தசைகள் நிற்கும். வென்டிலேட்டர் இருக்கும் இடம் வேண்டும். ஆக "பாம்புக்கடி" என்று ஒரே பட்டன் வைத்தால் தப்பு. "இமை சரிகிறதா?" என்று ஒரு கேள்வி கூட வேண்டும். அந்த ஒரு கேள்வியில் போக வேண்டிய இடமே மாறுகிறது.

மாரடைப்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இ.சி.ஜி.யில் எஸ்.டி. பகுதி உயர்ந்திருக்கும் மாரடைப்புக்கு இரண்டு வழி: கேத் லேபில் (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறையில்) பலூன் வைத்து அடைப்பைத் திறப்பது, அல்லது ஊசி மருந்தால் ரத்தக்கட்டியைக் கரைப்பது. நோய் உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் சிகிச்சை கிடைக்குமானால் அதுதான் நல்லது. கிடைக்காது என்றால் முதலில் ஊசி, அப்புறம் ஒரு நாளுக்குள் கேத் லேப். இப்போது வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேப்பில் கோவை மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஆழியாற்றிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சிக்கே 60 கிலோமீட்டருக்கு மேல், கோவைக்கு 100-க்கு மேல். பகலில், மழை இல்லாமல், யானை குறுக்கே வராமல் இருந்தாலும் 120 நிமிடத்தில் கோவையின் கேத் லேப் மேஜையில் நோயாளி படுத்திருக்க வழியில்லை. எனவே வால்பாறையில் நெஞ்சுவலி கேஸுக்கு ஆப் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மலைமேலேயே கரைக்கும் ஊசி போடும் வசதி இன்றைக்கு இருக்கிறதா என்பது. இருந்தால் அதுதான் முதல் இடம். ஊசி போட்ட பிறகு மலை இறங்குவது இரண்டாவது கட்டம். கோவை நகருக்குள் அதே நெஞ்சுவலி வந்தால் நேராகக் கேத் லேப். ஒரே மாவட்டம், ஒரே நோய், எதிரெதிர் விடை.

இது வெறும் கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் 2012 வாக்கில் இதே அடிப்படையில் ஒரு மாரடைப்புத் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பெரிய இதய சிகிச்சை மருத்துவமனைகள் மையமாக, 35 சிறிய மருத்துவமனைகள் அவற்றோடு இணைக்கப்பட்டன. 2,420 நோயாளிகளின் விவரம் 2017-ல் வெளியானது. திட்டத்துக்கு முன் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. யாரை எங்கே, எந்த வரிசையில் கொண்டுபோவது என்பதைச் சீராக்கினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "அப்படியானால் எல்லோரையும் நேராகப் பெரிய மையத்துக்கே அனுப்பிவிடலாமே" என்று தோன்றும். லண்டனில் 2010 முதல் பக்கவாத நோயாளிகளை, பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைகளைத் தாண்டி, எட்டுச் சிறப்பு மையங்களுக்கே ஆம்புலன்ஸ்கள் கொண்டுபோகின்றன, இறப்பு குறைந்தது. ஆனால் லண்டன் நெருக்கமான நகரம், எங்கிருந்து கிளம்பினாலும் ஒரு மையம் எட்டும் தூரத்தில் இருக்கும். ஸ்பெயினின் கட்டலோனியாவில் நகரத்துக்கு வெளியே இதையே சோதித்தார்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்ட நோயாளிகளில் ஒரு பகுதியினரை அருகிலுள்ள பக்கவாத மையத்துக்கும், இன்னொரு பகுதியினரை அடைப்பை நேரடியாக உருவி எடுக்கும் தொலைதூர மையத்துக்கும் அனுப்பினார்கள். 2022-ல் வெளியான முடிவில், 90 நாள் கழித்துப் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே அருகிலிருந்த மையங்களும் ஊசியை வேகமாகப் போடக்கூடியவை, அடுத்த இடத்துக்கு வேகமாக மாற்றக்கூடியவை. நம் ஊரில் அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். அதனால் ஒரே விதியை மாநிலம் முழுக்கப் போடாதீர்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அங்குள்ள டாக்டர்களை உட்காரவைத்து விதி எழுத வேண்டியிருக்கும்.

விபத்துக் காயங்களுக்கு விதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். யாரைப் பெரிய மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விபத்து நடந்த இடத்திலேயே பிரித்துப் பார்க்க, அமெரிக்காவில் 2021-ல் திருத்திய களப் பிரிப்பு வழிகாட்டி எளிய எண்களால் ஆனது. சொன்னதைக் கேட்டுக் கை காலை அசைக்க முடியாதவர், மூச்சு நிமிடத்துக்கு 10-க்குக் கீழ் அல்லது 29-க்கு மேல், ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழ், மேல் பிரெஷர் 90-க்குக் கீழ், அல்லது பல்ஸ் எண்ணிக்கை பிரெஷர் எண்ணைத் தாண்டிவிட்டது: இவர்கள் சிவப்பு, அதாவது மிக அவசரம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு பிரெஷர் வரம்பு 110. தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகள் இரண்டு முறிந்தது, இடுப்பெலும்பு முறிவு, உடலுக்குள் ஊடுருவிய காயம் என்று இன்னும் சில உண்டு. தமிழ்நாட்டின் விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பில் இணைந்த அரசு மருத்துவமனைகளும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்றுதான் பிரிக்கின்றன. உங்கள் ஆப் வேறு நிறங்களை, வேறு மதிப்பெண்களைக் கொண்டுவந்தால் ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது குழப்பம்தான் வரும்.

இதனால்தான் ஏ.ஐ. வேண்டாம் என்கிறேன், குறைந்தது தொடக்கத்தில். நோய்க்கான விதிகள் பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். அவற்றை டாக்டர்கள் படித்துக் கையெழுத்துப் போட முடியும். தவறு நடந்தால் எந்த விதியால் நடந்தது என்று திருப்பிப் பார்க்க முடியும். ஒரு மாடல் "87 சதவீதம் நம்பிக்கை" என்று சொன்னால் நடு ரோட்டில் இ.எம்.டி. அதை வைத்து என்ன செய்வார்? பயண நேரத்தைக் கணிக்க, ஒரு வார்டு எப்போது நிரம்பும் என்று மதிப்பிட மெஷின் லேர்னிங் உதவும். எங்கே போவது என்ற தீர்ப்பைக் கண்ணுக்குத் தெரியும் விதிகளிடம் விடுங்கள்.

சரி, இனி கஷ்டமான பகுதி: தகவல்.

மருத்துவமனையைப் பற்றிய தகவல் எல்லாம் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. கேத் லேப் இருக்கிறதா, சீமாங்க் மையமா (தாய், பச்சிளங்குழந்தை அவசர சிகிச்சை மையமா), தீக்காய வார்டு உண்டா போன்றவை வருடத்துக்கு ஒருமுறை மாறினால் அதிகம். சென்னையில் தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் என்பது எந்த இ.எம்.டி.க்கும் மனப்பாடம், அதற்கு ஆப்பே வேண்டாம். இரண்டாவது வகை நாளுக்கு நாள் மாறும்: இன்று இரவு நியூரோ சர்ஜன் டூட்டியில் இருக்கிறாரா, மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, சி.டி. மெஷின் ரிப்பேரா, ரத்த வங்கியில் நெகட்டிவ் குரூப் இருக்கிறதா. மூன்றாவது வகை மணிக்கு மணி மாறும்: வென்டிலேட்டர் காலியா, வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது. பெரும்பாலான மாணவர் ப்ராஜெக்ட்கள் முதல் வகையை ஒருமுறை எக்செல்லில் தட்டிவிட்டு, மூன்றாவது வகையை "மருத்துவமனை ஊழியர் அப்டேட் செய்வார்" என்று ஒரு லாகின் கொடுத்து முடித்துவிடுகின்றன. இரண்டாவது வகையைத் தொடுவதே இல்லை. இரவு நேர ரெஃபர்களில் பெரும்பகுதி அந்த இரண்டாவது வகையில்தான் உருவாகிறது.

அந்த லாகினை நம்பாதீர்கள். 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாவது அலையில் தமிழ்நாடு அரசு படுக்கை நிலவரத்துக்கு ஒரு இணையதளம் வைத்தது. 104 மருத்துவ உதவி எண்ணை ஒட்டி ஒருங்கிணைந்த கட்டளை மையமும் இயங்கியது. மாநிலமே அந்தப் படுக்கை எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, எல்லா மருத்துவமனைக்கும் உத்தரவும் இருந்தது. அப்போதும் சென்னையில் அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. திரையில் காலி என்று வந்த படுக்கை, வண்டி போய்ச் சேருவதற்குள் நிரம்பிவிடும். அவ்வளவு நெருக்கடியில், அவ்வளவு கண்காணிப்பில் கிடைக்காத துல்லியம், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நடுராத்திரி ஒரு ஸ்டாஃப் நர்ஸ் உங்கள் ஆப்பில் எண் தட்டுவதால் கிடைக்காது. அவர் கையில் முப்பது நோயாளிகள் இருப்பார்கள். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

இதற்கு நான் அறிந்தவரை மிக நல்ல விடை ஜப்பானின் சாகா மாகாணத்திலிருந்து வந்தது. ஜப்பானில் ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை மருத்துவமனையாக போன் போட்டு, மறுப்பு மேல் மறுப்பு வாங்கி அலைவது பெரிய பிரச்சினையாக இருந்தது. 2006-ல் நாரா மாகாணத்தில் பிரசவத்தின்போது நினைவிழந்த பெண் ஒருவரைப் பல மருத்துவமனைகள் ஏற்க மறுத்து, கடைசியில் அவர் இறந்தது நாட்டையே உலுக்கியது. சாகாவில் மருத்துவமனைகள் தகவல் பதியும் ஒரு தளம் முன்பே இருந்தது. யாரும் ஒழுங்காகப் பதியவில்லை. 2011-ல் மாகாணத்தின் எல்லா ஆம்புலன்ஸுக்கும் டேப்லெட் கொடுத்து, பதியும் வேலையை ஆம்புலன்ஸ் பணியாளர்களிடமே கொடுத்தார்கள். ஒரு கேஸ் முடிந்ததும் எந்த மருத்துவமனை ஏற்றது, எது மறுத்தது என்று அவர்கள் தட்டுவார்கள். அடுத்த வண்டியில் இருப்பவருக்கு அது உடனே தெரியும். சராசரி கொண்டுசேர்க்கும் நேரம் ஒரு நிமிடம் அளவுக்குக் குறைந்தது. மாகாணம் முழுமைக்கும் ஒரு நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்த வடிவமைப்பின் உள்ளே இருக்கும் காரணத்தைக் கவனியுங்கள். சரியான தகவலால் பயன் அடைபவர் யாரோ, அவர் கையிலேயே பதியும் வேலை இருக்கிறது. மருத்துவமனை ஊழியருக்குப் படுக்கை எண்ணைத் தட்டுவதால் ஒரு லாபமும் இல்லை. சொல்லப்போனால் இன்னும் நாலு வண்டி வரும். இ.எம்.டி.க்கு ஒவ்வொரு பதிவும் நாளைக்கு அவருக்கே உதவும்.

எனவே உங்கள் ஆப்பின் முக்கியமான திரை பரிந்துரைத் திரை இல்லை. கேஸை இறக்கிவிட்டு வண்டி கிளம்பும்போது வரும் திரை அது. அதில் பெரிதாக மூன்றே பட்டன்: "சேர்த்தார்கள்", "ரெஃபர் செய்தார்கள்", "திருப்பி அனுப்பினார்கள்". கடைசி இரண்டில் எதைத் தட்டினாலும் இன்னொரு திரையில் காரணம்: ஸ்கேன் இல்லை, டாக்டர் இல்லை, வென்டிலேட்டர் இல்லை, ரத்தம் இல்லை, வேறு. டைப் செய்யும் பெட்டி கூடாது. இரண்டு தட்டலில் முடிய வேண்டும். மற்றதை மெஷினே எடுத்துக்கொள்ளட்டும்: வண்டி எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்பது ஜி.பி.எஸ்.ஸிலேயே இருக்கிறது. நோயாளியை இறக்கியும் ஸ்ட்ரெச்சர் திரும்பி வராமல் வண்டி முக்கால் மணி நேரம் நின்றால், அந்தப் பிரிவு நிரம்பி வழிகிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அதன் வயதைக் காட்டுங்கள். "சி.டி. இல்லை, 40 நிமிடம் முன், 108 வண்டி சொன்னது" என்று இருந்தால் இ.எம்.டி. அதை எவ்வளவு நம்புவது என்று தானே முடிவு செய்வார். மூன்று நாள் பழைய தகவலைப் பச்சை நிறத்தில் காட்டுவதைவிட ஆபத்தானது எதுவும் இல்லை. வயதானதும் நிறம் மங்கட்டும், அப்புறம் "தெரியாது" என்று ஆகட்டும். "தெரியாது" என்று சொல்லத் தெரிந்த ஆப்பைத்தான் களத்தில் நம்புவார்கள்.

"இப்போது எடுக்க முடியாது" என்று மருத்துவமனையே ஒரு பட்டன் அழுத்தும் வசதி வேண்டுமா என்றும் கேட்பீர்கள். கொடுத்தால் அதுவே பழக்கமாகிவிடும். அமெரிக்காவில் பல நகரங்களில் அப்படி ஆனது. ஒன்று மூடினால் அடுத்தது நிரம்பும், அதுவும் மூடும். மாசசூசெட்ஸ் மாநிலம் 2009 ஜனவரி முதல் இந்த வழக்கத்தையே தடை செய்தது, நெரிசல் அதனால் கூடவில்லை. பட்டன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு மணி நேரத்தில் தானாக அணையும்படி வையுங்கள். காரணத்தோடு வையுங்கள். மூச்சோ இதயமோ நிற்கும் நிலையில் இருக்கும் நோயாளிக்கு அந்தப் பட்டன் செல்லாது என்பதையும் விதியாக எழுதுங்கள். அவசர நோயாளிக்கு முதல் சிகிச்சை தருவது ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

அடுத்து, ஓடும் வண்டியை யோசியுங்கள். இ.எம்.டி.யின் ஒரு கை ஆம்பு பேகில் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையில்) இருக்கிறது. கையுறையில் ரத்தம். வண்டி வேகத்தடையில் தூக்கிப்போடுகிறது. சைரன் சத்தத்தில் குரல் கட்டளை வேலை செய்யாது. பக்கத்தில் நோயாளியின் மனைவி அழுதுகொண்டிருக்கிறார். இந்தச் சூழலில் பத்து மருத்துவமனைகளைப் பட்டியல் போட்டால் யார் படிப்பது? மூன்று போதும். ஒவ்வொன்றிலும் பெயர், எத்தனை நிமிடம், ஏன் என்று ஒரே வரி: "38 நிமிடம். சி.டி. உண்டு, ஊசி போடுவார்கள். இன்று 2 கேஸ் சேர்த்தார்கள்." அந்த "ஏன்" இல்லாமல் ஒரு பெயரை மட்டும் காட்டினால், அனுபவமுள்ள இ.எம்.டி. தன் புத்தியைத்தான் கேட்பார், அவர் செய்வதும் சரி. பரிந்துரையைத் தள்ளிவிட்டு வேறு இடம் போக ஒரே தட்டல் போதுமானதாக இருக்கட்டும். ஏன் தள்ளினார் என்பதைப் பிறகு படித்துப் பாருங்கள். உங்கள் விதிகளில் எங்கே ஓட்டை என்பது அங்கேதான் தெரியும். அதை வைத்து அவருக்கு மெமோ கொடுக்கும் நிர்வாகம் வந்தால், அடுத்த நாளிலிருந்து உண்மையான காரணத்தை யாரும் பதிய மாட்டார்கள்.

தனி ஆப், தனி பாஸ்வேர்டு என்று கொடுக்காதீர்கள். 108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. இத்தனை வருடத்தில் இ.எம்.டி.க்கு ஏற்கெனவே நிரப்ப வேண்டிய பதிவுகள் போதுமான அளவு சேர்ந்திருக்கின்றன. அதே வயது, அதே பிரெஷர், அதே பல்ஸை இரண்டாவது முறை தட்டச் சொன்னால் அது உதவி இல்லை. கால் சென்டரில் போனில் ஆலோசனை சொல்லும் ஈ.ஆர்.சி.பி. டாக்டர் இருக்கிறார், சந்தேகம் வந்தால் இ.எம்.டி. அவரிடம்தான் கேட்பார். அவர் பார்க்கும் திரையும் இ.எம்.டி. பார்க்கும் திரையும் ஒன்றாக இருக்க வேண்டும். பைலட்டையும் (108 வண்டியின் ஓட்டுநரையும்) மறந்துவிடாதீர்கள். எந்த ரயில்வே கேட் எப்போது மூடும், எந்தத் தெருவில் இன்று தேர் வருகிறது என்பது கூகுளுக்கு முன் அவருக்குத் தெரியும். "வழி அடைப்பு" என்று அவர் தட்ட ஒரு பட்டன் வையுங்கள்.

நெட்வொர்க் இல்லாத இடத்தில் ஆப் உறைந்து நிற்கக் கூடாது. கொல்லிமலை, வால்பாறை, ஜவ்வாதுமலை போன்ற இடங்களில்தான் முடிவு மிகக் கடினம், சிக்னலும் அங்கேதான் போகும். விதிகளும் மருத்துவமனைகளின் அடிப்படை வசதிகளும் போனிலேயே இருக்கட்டும். சிக்னல் வந்ததும் புதிய தகவல் இறங்கட்டும். பயண நேரத்துக்கு மலைப்பகுதியில் மேப் கம்பெனிகளின் கணிப்பை எடுக்காதீர்கள். ஆம்புலன்ஸ்களின் பழைய ஜி.பி.எஸ். பதிவுகளிலிருந்து, பகல் இரவு பிரித்து, நீங்களே கணக்கிடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஆப் முழுமையாகாது. குடும்பத்தார் "அந்த டாக்டர்தான் எங்களுக்குப் பழக்கம், அங்கேயே போங்க" என்பார்கள். நினைவோடு இருக்கும் நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் அதைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு முன்பணம் கட்ட முடியாமல் திரும்பும் கேஸ்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அதுவும் இரண்டாவது ஆம்புலன்ஸ்தான். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அவர் எந்த மாநிலத்தவரானாலும், அரசே ஏற்கும் "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. குறிப்பிட்ட தனியார் மருத்துவமனைகளும் அதில் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதேபோல் பட்டியல் இருக்கிறது. எந்த மருத்துவமனை எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்பது ஆப்பில் ஒரு சின்னக் குறியாக வர வேண்டும். அந்தத் திரையைக் குடும்பத்தாரிடம் காட்டி "இங்கே இந்தச் சிகிச்சைக்குக் காசு இல்லை, ஸ்கேனும் இருக்கிறது" என்று சொல்ல முடிந்தால், வாக்குவாதம் பாதி குறையும். எழுத்து தமிழில் இருக்கட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. நோயாளியைக் கொண்டுவருபவருக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கம் தனியார் ஆம்புலன்ஸ் உலகில் இருப்பது ரகசியம் இல்லை. உங்கள் ஆப் பிரபலமானால் பட்டியலில் மேலே வரப் பணம் தர ஆட்கள் வருவார்கள். வரிசை எப்படி அமைகிறது என்ற விதிகளைப் பொதுவில் வையுங்கள், விளம்பரமே எடுக்காதீர்கள். நோயாளியின் பெயர், போன் நம்பர் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை, தேவையில்லாததைச் சேகரிக்காதீர்கள்.

ஆப் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டவுன்லோடு எண்ணிக்கை, சராசரி பயண நேரம் இரண்டும் ஏமாற்றும். பயண நேரம் கொஞ்சம் கூடினால்கூட அது நல்ல செய்தியாக இருக்கலாம், ஏனென்றால் சரியான இடத்துக்கு நேராகப் போயிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது, கொண்டுசேர்த்த நோயாளிகளில் எத்தனை பேரை 24 மணி நேரத்துக்குள் வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள் என்பது. அப்புறம், பக்கவாதத்தில் வாசலிலிருந்து ஊசி வரை எத்தனை நிமிடம், மாரடைப்பில் முதல் இ.சி.ஜி.யிலிருந்து ஊசி அல்லது பலூன் வரை எத்தனை நிமிடம். விபத்துக் காயத்தில் பெரிய மையத்துக்குப் போயிருக்க வேண்டியவர்கள் தவறிப்போவது 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதற்காக 25 முதல் 35 சதவீதம் வரை தேவையில்லாமல் பெரிய மையத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்பது அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் அளவுகோல். எந்தப் பக்கம் தவறுவது குறைந்த ஆபத்து என்று அவர்கள் யோசித்திருப்பதைக் கவனியுங்கள். உங்கள் விதிகளும் சந்தேகம் வந்தால் அந்தப் பக்கமே சாய வேண்டும்.

உங்களால் ஒரு வருடத்தில் முடியக்கூடியது என்று நான் நினைப்பது: ஒரே மாவட்டம், ஒரே நோய், அதுவும் பக்கவாதம். அங்கே ஸ்கேன் வசதியுள்ள இடங்கள் கை விரலில் எண்ணிவிடும் அளவில்தான் இருக்கும். முதல் மாதம் ஆப் எழுதாதீர்கள். அனுமதி வாங்கி, ஒவ்வொரு மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்கும் இரவில் நேரில் போய், சி.டி. எத்தனை மணி வரை எடுக்கிறார்கள், கரைக்கும் ஊசி அலமாரியில் இருக்கிறதா, யார் போடுவார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பகலில் ஆபீஸில் கிடைக்கும் பட்டியலுக்கும் இரவில் நீங்கள் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ப்ராஜெக்டின் உண்மையான சரக்கு. அதை ஒரு அட்டையில் அச்சடித்து வண்டிகளில் ஒட்டினாலே பாதிப் பயன் கிடைத்துவிடும். அப்புறம் இறக்கிவிடும்போது தட்டும் அந்த மூன்று பட்டன் திரை. பரிந்துரைத் திரை கடைசியில் வரட்டும்.

ஒவ்வொரு இடத்திலும் கேஷுவாலிட்டி மேஜையில் அடிக்கிற போன் நம்பரை மறக்காமல் வாங்குங்கள். சூப்பிரண்டு நம்பர் எல்லோரிடமும் இருக்கும். அது ராத்திரி ஒரு மணிக்கு உதவாது. வண்டி கிளம்பும்போதே "58 வயது, வலது பக்கம் விழுந்துவிட்டது, ஒன்பதே முக்கால் வரை நன்றாக இருந்தார், 35 நிமிடத்தில் வருகிறோம்" என்ற ஒரு வரி அந்த மேஜைக்குப் போய்விட்டால், நாங்கள் ஸ்கேன் அறையை முன்கூட்டியே திறந்து வைத்துவிடுவோம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கேட்டு எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு அடுத்த திரைக்குப் போக அனுமதிக்காதீர்கள். ஊசி போடலாமா கூடாதா என்று நாங்கள் முதலில் பார்ப்பது அந்த நேரத்தைத்தான். மருத்துவமனைக்கு வந்த பிறகு அதைச் சொல்லக்கூடிய ஆள் பெரும்பாலும் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருப்பார்.